லொகேட்னு ஒரே வார்த்தை, அர்த்தம் மட்டும் ரெண்டு

2022 டிசம்பர் கடைசி வாரம், சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல இருக்கிற எங்க ஸ்டோர்ல வருஷக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கை நடந்துக்கிட்டு இருந்துச்சு. நாங்க கப்பலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சப்ளை பண்ற கம்பெனி, ஓ-ரிங், கேஸ்கெட், பம்ப் இம்பெல்லர்னு ஆயிரக்கணக்கான ஐட்டம், ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு ராக்குல பிரிஞ்சு கிடக்கும். ஸ்டோரைப் பாத்துக்கிற அண்ணன் புதுக்கோட்டைக்காரர், இங்க வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரு பிக்கிங் லிஸ்டை, அதாவது எந்த ராக்குலருந்து எதை எடுக்கணும்ங்கிற லிஸ்டை எடுத்துக்கிட்டு என் மேசைக்கு வந்து, "இந்த பி-07 ராக் மட்டும் ஏன்க்கா ரெண்டு தடவை வருது, ஒண்ணுல 48, இன்னொண்ணுல மைனஸ் 6"ன்னு கேட்டாரு.

எவ்ளோ நாளா இப்படி வருதுன்னு கேட்டேன். "மூணு வாரமா வருது. புது சிஸ்டம் இப்படித்தான் காட்டும் போலன்னு நானே 48ல 6 கழிச்சு 42ன்னு எடுத்துக்கிறேன், ராக்குல எண்ணிப் பாத்தா கரெக்டா 42 இருக்கு"ன்னாரு.

அவரு மனக்கணக்காவே சரி பண்ணிக்கிட்டதால மூணு வாரமா ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. மொத்த ஸ்டாக் ரிப்போர்ட்டும் சரியாவே வந்துச்சு, ஏன்னா 48ஐயும் மைனஸ் 6ஐயும் கூட்டுனா 42 தானே, அக்கவுண்ட்ஸ்ல டேலி ஆயிரும், ஆடிட்டருக்கும் டேலி ஆயிரும். ஒரே ஒரு இடத்துலதான் அடி விழுந்துச்சு, ரீ-ஆர்டர் ரிப்போர்ட். அது ராக் ராக்கா பாத்து குறைஞ்ச அளவுக்குக் கீழ போனா வாங்கச் சொல்லும், மைனஸ் 6ஐப் பாத்துட்டு வாங்கு வாங்குன்னு சொல்லியிருக்கு, பர்ச்சேஸ்ல இருக்கிற அக்கா அதை நம்பி முப்பது பார்ட் வரைக்கும் ஆர்டர் போட்டுட்டாங்க, அதுல பாதி ஏற்கனவே ஸ்டோர்ல குமிஞ்சு கிடக்கிற சாமான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல மல்டிவேல்யூ டேட்டாபேஸ்ல ப்ரோக்ராம் எழுதுறேன். சிங்கப்பூர்ல இதைத் தொட்டுப் பாத்தவங்க ரொம்பப் பேர் இருக்க மாட்டீங்க, அதனால தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன். எக்செல்லயோ எஸ்க்யூஎல்லயோ ஒரு கட்டத்துக்குள்ள ஒரு மதிப்புதான் இருக்கும். இதுல ஒரு கட்டத்துக்குள்ளயே பல மதிப்பை வரிசையா வெக்கலாம், ஒரு பார்ட்டோட எல்லா ராக் நம்பரும் அஞ்சாவது கட்டத்துல, ஒவ்வொரு ராக்குலயும் எத்தனை இருக்குங்கிறது ஆறாவது கட்டத்துல, ரெண்டும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு நிக்கும். கட்டத்தைப் பிரிக்க 254ங்கிற எழுத்து, உள்ள இருக்கிற மதிப்பைப் பிரிக்க 253, அதுக்கும் உள்ள பிரிக்க 252. இவ்ளோதான் அடிப்படை. ஸ்பேர் பார்ட்ஸுக்கு இதை விட இயல்பா பொருந்துற டேட்டாபேஸ் நான் பாத்ததில்ல, அதுல ஆச்சரியமும் இல்ல, ஏன்னா இது பொறந்ததே ஸ்பேர் பார்ட்ஸுக்காகத்தான். 1965ல அமெரிக்காவுல டிஆர்டபிள்யூ கம்பெனியில டிக் பிக், டான் நெல்சன்னு ரெண்டு பேர், ஷையான்ங்கிற ராணுவ ஹெலிகாப்டரோட பார்ட்ஸ் கணக்கை வெச்சுக்கிறதுக்காக ஆரம்பிச்ச வேலை. அதனாலதான் இந்தக் குடும்பத்துக்கே பிக் சிஸ்டம்னு பேரு வந்துச்சு.

இப்ப மைனஸ் 6 கதைக்கு வர்றேன். 2021ல எங்க முதலாளி இன்னொரு சின்ன சப்ளை கம்பெனியை வாங்குனாரு. அவங்ககிட்டயும் யூனிவெர்ஸ்ங்கிற மல்டிவேல்யூ டேட்டாபேஸ்தான், எங்ககிட்டயும் அதுதான், வெர்ஷன் கூட ஒண்ணுதான், அதனால மீட்டிங்ல எல்லாரும் "அப்ப ஈசி தானே"ன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா யூனிவெர்ஸ்ல ஒரு அக்கவுண்ட்டை (ஃபைலும் ப்ரோக்ராமும் சேர்ந்து இருக்கிற தனி இடம்) உருவாக்கும்போதே அது எந்த ஃபிளேவர்னு கேக்கும், ஐடியல், பிக், இன்ஃபர்மேஷன், ரியாலிட்டி, இன்2, பிஐ-ஓப்பன்னு. எந்தப் பழைய மெஷின்லருந்து வந்த ப்ரோக்ராமா இருந்தாலும் அதோட பேச்சு வழக்குலயே ஓட விடணும்ங்கிறதுக்காக வெச்ச ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடும் கூட. எங்க கோடு ப்ரைம் கம்ப்யூட்டர் காலத்துலருந்து வந்தது, அதனால இன்ஃபர்மேஷன் ஃபிளேவர். அவங்களோடது ரியாலிட்டி ஃபிளேவர்.

இந்த ரெண்டுலயும் லொகேட்னு ஒரு கட்டளை இருக்கு, வரிசைக்குள்ள ஒரு மதிப்பு எத்தனையாவது இடத்துல இருக்குன்னு தேடித் தரும். அவங்க ப்ரோக்ராம்ல இருந்த வரி இதுதான்: லொகேட் ராக் இன் ரெக்<5> செட்டிங் பொசிஷன். ரியாலிட்டி ஃபிளேவர்ல இதுக்கு அர்த்தம், அஞ்சாவது கட்டத்துக்கு உள்ள போய், அங்க இருக்கிற மதிப்புகள்ல ராக்கைத் தேடு. இன்ஃபர்மேஷன் ஃபிளேவர்ல இதுக்கு அர்த்தம், அஞ்சாவது கட்டத்துல ஆரம்பிச்சு கட்டம் கட்டமா தேடிக்கிட்டே போ. அங்க உள்ள போகணும்னா <5,1>ன்னு எழுதணும். ஒரு பார்ட் மூணு ராக்குல இருந்தா அஞ்சாவது கட்டம் முழுசும் சேர்ந்த ஒரே நீளமான சரம், அது எப்படி பி-07க்குச் சமமா இருக்கும், கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கலைன்னா எல்ஸ் பக்கம் போகும், அங்க என்ன எழுதியிருக்குன்னா, இந்த ராக்கைப் புதுசா கடைசியில சேர்த்து, எடுத்த அளவை மைனஸ்ல போடு. ஆக பி-07 ரெண்டாவது தடவை வந்து உக்காந்துருச்சு. ஒரே ராக் மட்டும் இருக்கிற பார்ட்டா இருந்தா தேடுனது கிடைச்சுரும், ஆனா கையில வர்ற நம்பர் கட்டத்தோட நம்பர், அதை மதிப்போட நம்பரா நெனச்சு ஆறாவது கட்டத்துல வேற எங்கயோ போய்க் கழிக்கும்.

நாம எழுதுறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லவும் முடியாது, ஏன்னா ரெண்டு வழக்குலயும் இது இலக்கண சுத்தமான வரி.

அப்ப அதுக்கு முன்னாடி ஏன் சரியா ஓடிச்சுன்னு கேப்பீங்க, என்னை ரெண்டு நாள் தூங்க விடாத கேள்வியும் அதுதான். 2022 நவம்பர் வரைக்கும் அவங்க ப்ரோக்ராம் எங்க பக்கத்துலருந்து கூப்பிட்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. விஷயம் என்னன்னா, எந்த அர்த்தம்ங்கிறது ஓடும்போது முடிவாகுறதில்ல, கம்பைல் பண்ணும்போதே முடிவாயிரும். அவங்க அக்கவுண்ட்ல கம்பைல் ஆகி வந்த வடிவம் ரியாலிட்டி அர்த்தத்தைத் தன்னோடவே தூக்கிக்கிட்டு வந்துச்சு. 2023 ஜனவரி 1லருந்து ஜிஎஸ்டி 7 சதவீதத்துலருந்து 8 ஆகப் போகுதுன்னு, டிசம்பர் முதல் வாரம் நான் அந்த ப்ரோக்ராமைத் திறந்து ஜிஎஸ்டி கணக்குப் போடுற அந்த ஒரு லைனை மட்டும் மாத்தி எங்க அக்கவுண்ட்ல கம்பைல் பண்ணேன். அந்த ஒரு லைனை மட்டும் டெஸ்ட் பண்ணேன், அது சரியா வந்துச்சு. அதே நிமிஷம், நான் கையே வெக்காத, எம்பது வரிக்குக் கீழ இருக்கிற லொகேட்டோட அர்த்தம் மாறிப் போச்சு.

இதைப் படிக்கிறவங்க வேற எதையும் ஞாபகம் வெச்சுக்கலைன்னாலும் இதை மட்டும் வெச்சுக்கங்க. ஒரு ப்ரோக்ராமை வேற அக்கவுண்ட்ல கம்பைல் பண்றது வெறும் கம்பைல் இல்ல, அது மொழிபெயர்ப்பு. ஒரு வரியைத் தொட்டாலும் எல்லா வரியையும் டெஸ்ட் பண்ணணும்.

யூனிவெர்ஸ் மேல இதுல ஒரு குத்தமும் இல்ல, மேனுவல்ல எழுதியிருக்கிறபடிதான் நடந்துச்சு, லொகேட்டுக்கு ஃபிளேவர் வாரியா தனித்தனியா விளக்கமே கொடுத்திருக்காங்க. எழுதி வெக்காம விட்டது நாங்கதான்.

எங்க டீம்ல பாலிடெக்னிக் முடிச்சு புதுசா சேர்ந்த ஒரு தம்பி இருக்கான், அவன் அன்னைக்கு கேட்டது, "ஏன்க்கா எல்லாரும் ஒரே மாதிரி வெச்சிருக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. நான் அவனுக்குச் சொன்னதை இங்கயும் சொல்றேன். டிக் பிக் இதை ஒரே கம்பெனியா வெச்சு விக்கல, மெஷின் செய்ற கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தாரு, ஒவ்வொருத்தரும் தன் மெஷின்ல போட்டு தன் பேரை வெச்சுக்கிட்டாங்க. மைக்ரோடேட்டா 1973ல ரியாலிட்டின்னு கொண்டு வந்துச்சு. ப்ரைம் மெஷினுக்காக டெவ்காம்னு ஒரு கம்பெனி முதல்லருந்து எழுதி இன்ஃபர்மேஷன்னு பேரு வெச்சுச்சு, அப்புறம் அதை ப்ரைம் கம்பெனி வாங்கிக்கிச்சு. கேள்வி கேக்குற மொழி ஒண்ணுதான், ஆனா மைக்ரோடேட்டால அதுக்குப் பேரு இங்கிலீஷ், பிக்ல ஆக்சஸ், அல்டிமேட்ல ரீகால், யூனிவெர்ஸ்ல ரெட்ரீவ், யூனிடேட்டால யூனிக்வெரி, ஜேபேஸ்ல ஜேக்யூஎல். பேசிக் மொழிக்கும் அப்படித்தான், டேட்டாபேசிக், இன்ஃபோபேசிக், யூனிபேசிக், ஃபிளாஷ்பேசிக்னு. ஒருத்தர் ஐட்டம்பாரு இன்னொருத்தர் ரெக்கார்டும்பாரு, ஒருத்தர் அட்ரிபியூட்டும்பாரு இன்னொருத்தர் ஃபீல்டும்பாரு. ஒரு அக்கவுண்ட்டுக்குத் தெரிஞ்ச கட்டளை, ஃபைல் பேரெல்லாம் இருக்கிற ஃபைல் ஒருத்தருக்கு மாஸ்டர் டிக்ஷனரி, இன்னொருத்தருக்கு வோக்.

கிட்டத்தட்ட அதே காலத்துல ஆஸ்பத்திரிகளுக்காக வந்த மம்ப்ஸ்னு ஒரு மொழி இருக்கு, அதுவும் தன் டேட்டாபேஸோட சேர்ந்தே வர்ற மொழிதான். அதுக்கு 1977லயே அன்சி ஸ்டாண்டர்ட், அதாவது அமெரிக்கத் தர அமைப்போட பொது விதி வந்துருச்சு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொஞ்சம் வலிக்கும். எஸ்க்யூஎல்லுக்கு 1986ல வந்துச்சு, அதுக்கப்புறமும் ஆளுக்கொரு வழக்குலதான் பேசுறாங்க, இருந்தாலும் எதுலருந்து எவ்ளோ விலகியிருக்கோம்னு சொல்றதுக்கு அங்க ஒரு நடுக்கோடு இருக்கு. எங்களுக்கு அந்த நடுக்கோட்டைக் காட்டுறதுக்கு ஆள் இல்ல, ஒவ்வொரு ஆபீஸும் தானே போட்டுக்கணும்.

இவ்ளோ பேசுறதுக்குக் காரணம், வழக்கு வேற வேறயா இருக்கிறதே தப்புன்னு நான் நெனக்கல. எங்க பர்ச்சேஸ் அக்கா ஈப்போக்காரங்க, காலையில பாத்தவுடனே "பசியாறியாச்சா"ம்பாங்க, காலைச் சாப்பாடு ஆச்சான்னு அர்த்தம். ஊர்லருந்து புதுசா வந்தவங்களுக்கு முதல் நாள் அது புரியாது, முழிப்பாங்க, கேப்பாங்க, அடுத்த நாள் தெரிஞ்சுரும். புரியாம முழிக்கிற வார்த்தையால ஆபத்து கிடையாது. ரெண்டு பேருக்கும் புரிஞ்ச மாதிரியே இருந்து, ரெண்டு பேரும் வேற வேற நெனச்சுக்கிட்டுப் போறாங்க பாருங்க, அந்த வார்த்தைதான் ஆபத்து. டைலக்ட் (வழக்கு) வித்தியாசத்துல கம்பைலர் திட்டுற வித்தியாசம் எல்லாம் நல்ல பிள்ளைங்க, அரை மணி நேரத்துல சரி பண்ணிரலாம். திட்டாத வித்தியாசத்தைத்தான் லிஸ்ட் போட்டு வெக்கணும்.

அது புரியறதுக்கு எனக்கு இன்னொரு அடி தேவைப்பட்டுச்சு. ஜனவரி முழுக்க லொகேட்டைத் தேடித் தேடி சரி பண்ணோம், யூனிவெர்ஸ்ல சர்ச்னு ஒரு கட்டளை இருக்கு, ஒரு சொல் வர்ற ப்ரோக்ராமை எல்லாம் பிடிச்சு செலக்ட் லிஸ்டா கொடுக்கும், ரொம்ப உதவுச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பிப்ரவரியில எங்க டெலிவரி ஆர்டர் ப்ரோக்ராமை அவங்க அக்கவுண்ட்டுக்குக் கொண்டு போனோம், இப்ப எதிர்த் திசை. சாயந்தரம் லாரி அங்கிள் ரெண்டு டெலிவரி ஆர்டரைக் கொண்டு வந்து காட்டுறாரு, வேற வேற கஸ்டமர், ரெண்டுலயும் ஒரே துவாஸ் முகவரி, "சரியா இது?"ன்னு கேட்டாரு. ரெண்டாவது கஸ்டமருக்கு சாமான் பாசிர் பாஞ்சாங் போகணும், அந்தக் கப்பல் ராத்திரி கிளம்புது. அவரு கேக்காம வண்டியை எடுத்திருந்தா அந்தக் கப்பல் பம்ப்புக்கு சீல் இல்லாமலே போயிருக்கும்.

காரணம் ரீட் கட்டளை. தனி டெலிவரி முகவரி இருக்கிற கஸ்டமருக்கு மட்டும்தான் அந்த ஃபைல்ல ரெக்கார்ட் இருக்கும், இல்லாதவங்களுக்கு ரெக்கார்டே இருக்காது. எங்க இன்ஃபர்மேஷன் ஃபிளேவர்ல, ரீட் பண்ணி ரெக்கார்ட் இல்லைன்னா அந்த வேரியபிள் காலியாயிரும், காலியா இருந்தா மெயின் முகவரியை எடுன்னு எழுதியிருந்தோம். பிக், இன்2, ரியாலிட்டி ஃபிளேவர்ல ரெக்கார்ட் இல்லைன்னா வேரியபிள் அப்படியே இருக்கும், அதாவது முன்னாடி படிச்ச கஸ்டமரோட முகவரி அதுலயே தங்கியிருக்கும். இங்கயும் கம்பைலர் ஒண்ணும் சொல்லல. லொகேட்னு ஒரு வார்த்தையைத் தேடுன எனக்கு, இது ஒரு வார்த்தையோட பிரச்சனை இல்ல, ஒரு வகைப் பிரச்சனைன்னு அந்த லாரி அங்கிள் நின்ன இடத்துலதான் உறைச்சுது.

அதுக்கப்புறம் நானும் அந்தத் தம்பியும் ஒரு மாசம் உக்காந்தோம். மேனுவலை ரெண்டு ஃபிளேவருக்கும் பக்கம் பக்கமா வெச்சுப் படிச்சோம், $ஆப்ஷன்ஸ்னு ஒரு கட்டளை இருக்குல்ல, அதுக்குக் கீழ இருக்கிற பட்டியல் ஒண்ணே போதும், ஒவ்வொரு ஆப்ஷனும் ஒரு டைலக்ட் வித்தியாசம். இன்ஃபோ.லொகேட்னு ஒண்ணு லொகேட்டுக்கு, ரீட்.ரிட்டெய்ன்னு ஒண்ணு ரீட்டுக்கு, ஃபார்.இன்கர்.பெஃப்னு ஒண்ணு இருக்கு, அது ஃபார் லூப்ல எண்ணைக் கூட்டுறது எல்லையைப் பாக்குறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சொல்றது, லூப் முடிஞ்ச பிறகு அந்த எண்ணை எடுத்து உபயோகிக்கிறவங்களுக்கு ஒண்ணு கூடிப் போகும் இல்ல குறைஞ்சு போகும். மைக்ரேஷன், அதாவது ஒரு சிஸ்டத்துலருந்து இன்னொண்ணுக்கு மாத்துற வேலை செய்யப் போறவங்க முதல் நாள் படிக்க வேண்டியது அந்தப் பட்டியல்தான், நாங்க கடைசியா படிச்சோம்.

நாங்க போட்ட விதிகள்ல முதலாவது, எந்த ப்ரோக்ராமா இருந்தாலும் மேல முதல் வரியில $ஆப்ஷன்ஸ் போட்டு அதோட ஃபிளேவரைச் சொல்லியாகணும். ப்ரோக்ராம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போனாலும் தன் வழக்கைத் தன்னோடயே எடுத்துக்கிட்டுப் போகும், கம்பைல் பண்றவங்க யாரா இருந்தாலும் அர்த்தம் மாறாது. இந்த ஒரு வரி இருந்திருந்தா பி-07 ஒழுங்கா ஒரு தடவைதான் வந்திருக்கும். அக்கவுண்ட் என்ன ஃபிளேவர்னே தெரியாதவங்க வோக் ஃபைல்ல ரெல்லெவல்ங்கிற ரெக்கார்டைத் திறந்து பாருங்க, அதுலயே இருக்கும், எங்க ஆபீஸ்ல எட்டு அக்கவுண்ட்ல பாத்தோம், அதுல ரெண்டு என்ன ஃபிளேவர்னு அதுவரைக்கும் யாருக்குமே தெரியாது.

லொகேட்டை நேரா எழுதுறதை நிறுத்திட்டோம். பிராக்கெட் போட்டு எழுதுற பழைய பிக் முறை ஒண்ணு இருக்கு, அதுல எந்தக் கட்டம்னு கமா போட்டுத் தனியா சொல்லணும், கடைசியில செமிகோலன் போட்டு வேரியபிள். எங்க ரெண்டு ஃபிளேவர்லயும் ஒரே மாதிரி பதில் வந்துச்சு, சும்மா நம்பாம ஒரு டெஸ்ட் ரெக்கார்ட் வெச்சு, ஒரு ராக், மூணு ராக், காலி, இல்லாத ராக்னு எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தோம். ரீட்டுக்கு விதி இன்னும் சுலபம், எல்ஸ்ல ரெக்கார்டைக் காலி பண்ணு, எப்பவும், தேவையில்லைன்னு தோணுனாலும். ஒரு வரிதான் கூடும், எந்த ஊருக்குப் போனாலும் ஒரே அர்த்தம். ஃபார் லூப் எண்ணை லூப்புக்கு வெளிய தொடக் கூடாது.

கட்டத்துக்கு நம்பர் போட்டு எழுதுறதையும் விட்டுட்டோம், ரெக்<5>ன்னு எழுதுனா அது ராக்கா கலரான்னு யாருக்குத் தெரியும், இன்க்ளூட் ஃபைல்ல ஈக்வேட் போட்டுப் பேரு வெச்சாச்சு. பேச்சுலயும் முடிவு பண்ணிக்கிட்டோம், இனிமே ஃபீல்டு, ரெக்கார்டுதான், அட்ரிபியூட்டும் ஐட்டமும் வேண்டாம்னு, அவங்க பக்கத்து சீனியர் முப்பது வருஷமா அட்ரிபியூட்னு சொன்னவரு, அவருக்கு அது சுலபமா இல்ல, ஆனா கொஞ்ச நாள்ல பழகிட்டாரு. இதுல எந்தப் பேரு உசத்திங்கிறது முக்கியமே இல்ல. கோப்பிக்கடையில "கோப்பி சி சியு டாய் பெங்"னா ஜூரோங்லயும் ஈசூன்லயும் பால் ஊத்தி, சக்கரை குறைச்சு, ஐஸ் போட்டுத் தர்றாங்க, மலாய், ஹொக்கியன், ஹைனானீஸ்னு எல்லாம் கலந்த பேச்சுதான் அது, எல்லாரும் ஒத்துக்கிட்டதால வேலை செய்யுது.

இன்னொண்ணையும் சொல்லணும், இது ஃபிளேவர் பிரச்சனை இல்ல, ஆனா ஸ்டாண்டர்ட் பிரச்சனை. அவங்க கஸ்டமர் ஃபைல்ல சில ரெக்கார்ட்ல மட்டும் கட்டம் ஒண்ணு தள்ளி இருந்துச்சு, முகவரி இருக்க வேண்டிய இடத்துல பேரோட மிச்சம், போன் இடத்துல முகவரி. பாத்தா எல்லாம் சீனப் பேரு, சீன எழுத்துக்கான பழைய ஜிபி என்கோடிங்ல (எழுத்தை எண்ணா மாத்தி வெக்கிற முறை) ஏத்தியிருக்காங்க. அதுல ஒரு எழுத்துக்கு ரெண்டு பைட், ரெண்டாவது பைட் 161லருந்து 254 வரைக்கும் வரலாம். 254 தான் நம்ம கட்டப் பிரிப்பான், 253 மதிப்புப் பிரிப்பான். எந்தப் பேருல அந்த பைட் வருதோ அந்தப் பேரு நடுவுல ரெண்டா வெட்டுப்படும். ஒரு மனுஷனோட பேரு டேட்டாபேஸ்ல உடைஞ்சு கிடக்கிறதைப் பாக்க எனக்கு மனசு கேக்கல, அந்த ரெக்கார்டை எல்லாம் ஒவ்வொண்ணா சீன நண்பர் ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் சரி பண்ணேன். எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்கோடிங்குக்கு மாத்துனதும் இந்தத் தொல்லை போச்சு, ஏன்னா அதுல 244க்கு மேல பைட்டே வராது, 252, 253, 254 எல்லாம் பத்திரமா நமக்கே. ஒரு எச்சரிக்கை, பைட்டா எண்ணுற அமைப்புல நீளம் கேட்டா "அம்மா"வுக்கு 15ன்னு வரும், ஒரு குறிக்கு மூணு பைட். பேருக்கு 20 எழுத்துன்னு வெட்டுற பழைய ப்ரோக்ராம் தமிழ்ப் பேரை நடு எழுத்துல வெட்டிரும்.

தமிழுக்கே இந்தக் கதை நடந்தது நமக்குத் தெரியும்ல. ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு என்கோடிங், ஒருத்தர் அனுப்புன மெயிலை இன்னொருத்தர் திறந்தா குப்பையா தெரியும். 1997ல தமிழ்நெட் மாநாடு நடந்ததே நம்ம சிங்கப்பூர்லதான், அதுக்குப் பின்னாடி நின்னு உழைச்சவரு நா. கோவிந்தசாமி, 1999ல நம்மை விட்டுப் போயிட்டாரு. அதே 1999ல சென்னை மாநாட்டுல விசைப்பலகைக்கும் என்கோடிங்குக்கும் ஒரு முடிவு எடுத்தாங்க, 2000ல மறுபடி சிங்கப்பூர்ல மாநாடு நடந்து, உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்பத்துக்கான உத்தமம் அமைப்பு வந்துச்சு. தமிழ்99னு இன்னைக்கும் டைப் பண்றோமே அது அப்ப முடிவானது. நான் அப்ப படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு, அதோட அருமை தெரியல. இப்ப தெரியுது, யாரோ சிலர் தன் ஃபான்ட்டு, தன் முறைன்னு பிடிச்சு வெச்சுக்காம உக்காந்து பேசுனதாலதான் இதை நான் எந்தப் போன்லயும் அடிக்க முடியுது, நீங்க எந்தப் போன்லயும் படிக்க முடியுது.

ஜிஎஸ்டிக்கு என்ன பண்ணோம்னும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது. ப்ரோக்ராமுக்குள்ள 7ன்னு எழுதியிருந்ததை 8 ஆக்குறதை விட்டுட்டு ஒரே ஒரு ரெக்கார்ட் போட்டோம். இந்த டேட்டாபேஸ்ல தேதி எல்லாம் வெறும் எண்தான், 1967 டிசம்பர் 31 பூஜ்யம், அங்கருந்து எண்ணிக்கிட்டே வரும், முன்னாடி தேதின்னா மைனஸ், சிங்கப்பூர் பொறந்த 1965 ஆகஸ்ட் 9 மைனஸ் 874. இந்த எண் மட்டும் எந்த ஃபிளேவர்லயும் மாறல, அதனால எங்க ரெண்டு பக்கமும் தேதியை எண்ணாவே பரிமாறிக்கிறோம், மனுஷங்க கண்ணுக்குப் போகும்போது மட்டும் மாசத்தை எழுத்துல போட்டு மாத்துறோம், 03/04ன்னு எழுதுனா அது ஏப்ரலா மார்ச்சான்னு சண்டை வரும். அந்த ரெக்கார்ட்ல முதல் ஃபீல்டுல 14427, 20090, 20455. ரெண்டாவது ஃபீல்டுல 7, 8, 9. முதல் எண் 2007 ஜூலை 1, அடுத்தது 2023 ஜனவரி 1, கடைசி 2024 ஜனவரி 1. இன்வாய்ஸ் தேதியைக் கொடுத்தா பொருந்துற விகிதம் வரும். தேடுறது லொகேட்தான், வலது பக்கம் சரிபண்ணி ஏறுவரிசையில, பிராக்கெட் போட்ட முறையில, ஒரே ஒரு சப்ரொட்டீனுக்குள்ள, மேல $ஆப்ஷன்ஸோட.

2023 டிசம்பர்லயும் ஸ்டாக் எண்ணிக்கை வந்துச்சு. புதுக்கோட்டை அண்ணன் லிஸ்டோட என் மேசைக்கு வந்தாரு, எனக்கு ஒரு நொடி பக்குன்னுச்சு. ராக் ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் வருதா, மைனஸ் எதுவும் இல்லையான்னு ரெண்டு பேரும் சேர்ந்து பக்கம் பக்கமா பாத்தோம், இல்ல. அப்புறம் அவருகிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டேன், "அண்ணே, இனிமே லிஸ்ட்ல விசித்திரமா ஏதாவது வந்தா நீங்களா கணக்குப் போட்டு சரி பண்ணிக்காதீங்க, உடனே வந்து சொல்லுங்க." சரின்னாரு. ஜனவரி 2ஆம் தேதி முதல் இன்வாய்ஸ் 9 சதவீதத்துல வந்துச்சு, அந்த வருஷம் ஜிஎஸ்டிக்காக ஒரு ப்ரோக்ராமைக் கூட நாங்க கம்பைல் பண்ணல.

$ஆப்ஷன்ஸ் வரி இல்லாத ப்ரோக்ராம் இன்னும் 41 மிச்சம் இருக்கு. வாரத்துக்கு நாலு வீதம் அந்தத் தம்பி முடிச்சுக்கிட்டு வர்றான்.